ஒரு களிம்பில் இரு மருந்து

குழந்தையொன்றின் முழங்கை மடிப்பிலே கரப்பான். பல நாட்களாகச் சொறிந்து சொறிந்து அவ்விடத்துத் தோல் தடித்துச் சிவந்திருக்கின்றது. ஒருநாட் காலையில் அது கசியத் தொடங்குகின்றது. கசிந்த நீர் உலர்ந்து தேன்நிறப் பொருக்காகப் படிகின்றது. தொட்டாற் குழந்தை வீரிட்டு அழுகின்றது. தாய் அஞ்சுகின்றாள். அயல்வீட்டு அம்மையார் சிறு குழாயொன்றைக் கொண்டுவந்து கொடுக்கின்றார். சென்ற ஆண்டு அவருடைய கணவருக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த களிம்பு அது; பாதி எஞ்சியிருக்கின்றது. அன்றிரவு தாய் அதைப் பூசுகின்றாள். மறுநாட் காலையிற் சிவப்பு மங்கியிருக்கின்றது. குழந்தையும் நன்றாக உறங்கியிருக்கின்றது. மூன்றாம் நாள் பொருக்கு உதிர்கின்றது. ஒரு கிழமை கழிவதற்குள் அந்தக் குழாய் அவ்வீட்டு அலுமாரியில் நிலையான இடத்தைப் பெற்றுவிடுகின்றது. இனி அவ்வீட்டில் எவருக்கு எங்கே சிவந்தாலும், எங்கே தினவெடுத்தாலும், கை அதனையே நாடும்.

இவ்வாறு பெயர்பெற்ற களிம்பு பொய்ம்மருந்து அன்று. அதனுள் இரு மருந்துகள் கலந்துள்ளன. ஒன்று, பற்றீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. மற்றொன்று, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட்டு. இரண்டும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் அரும்பேறுகள். இரண்டையும் ஒருங்கே வேண்டிநிற்கும் தோல் நோய்களும் உண்டு. ஆயினும், குழந்தையின் கையைத் தேற்றியது அவ்விரண்டினுள் எது என்று கேட்டால் தாயாற் சொல்ல இயலாது. களிம்பைக் கொடுத்த அம்மையாராலும் இயலாது. பல சமயங்களில் வைத்தியராலுங்கூட உறுதியாகச் சொல்ல இயலாது. இக்களிம்பினால் விளையும் துன்பங்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமையினின்றே பிறக்கின்றன.

அழற்சி என்பது என்ன? கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஆசிரியர் செல்சசு அதற்கு நான்கு அடையாளங்களைக் கூறினார்: சிவப்பு, வீக்கம், வெம்மை, நோவு. இந்நான்கும் நோய் அல்ல. நோய்க்கு எதிராக உடல் எழுப்பும் ஆரவாரம். இரத்தக் குழாய்கள் விரிகின்றன; வெண்குருதிக் கலங்கள் குழாய்ச் சுவரைக் கடந்து இழையத்துட் புகுகின்றன; நீர் கசிகின்றது. இது வீட்டிலே கள்வன் புகும்போது காவல்நாய் குரைப்பதை ஒக்கும். ஆனால், கள்வன் எவனும் வாராதபோதும், சருகு அசைந்தமைக்கே இரவு முழுவதும் குரைத்து வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் நாயும் உண்டல்லவா? கரப்பான் அத்தகையது. அங்கே ஆரவாரமே துன்பமாகிவிடுகின்றது. ஸ்டீரொயிட்டு அந்நாயை அடக்குகின்றது. நுண்ணுயிர்க்கொல்லி கள்வனைத் துரத்துகின்றது. இரண்டும் ஒரு குழாயினுள் இருக்கின்றன. துரத்துபவன் அறியாத வேறொரு கள்வன் வந்திருந்தால் நிகழ்வது யாது என்பதைப் பின்னர் காணலாம்.

ஸ்டீரொயிட்டின் வரலாறு மூட்டுவாதத்திலே தொடங்கியது. 1948ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்து ரொச்செசுற்றர் நகரில், மேயோ மருத்துவ நிலையத்திலே, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணொருத்திக்குக் கோட்டிசோன் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சில நாட்களில் அவள் எழுந்து நடமாடினாள். அம்மருத்துவத்தை நடத்திய பிலிப் கெஞ்சு, அதன் இரசாயனத்தை ஆராய்ந்த எட்வேட் கெண்டல், சுவிற்சலாந்தில் அதே துறையில் உழைத்த இறைக்சுதைன் ஆகிய மூவரும் 1950இல் நோபெல் பரிசு பெற்றனர். சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியின் புறப்பகுதியிற் சுரக்கும் ஓமோன் இனத்தைச் சேர்ந்தது கோட்டிசோன்.

அதனைத் தோலின்மேற் பூசியபோது குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. உடலினுட் சென்றாற் கோட்டிசோன் ஈரலிலே மாற்றமடைந்து ஐதரோகோட்டிசோனாகின்றது. வேலை செய்வது அதுவே. தோலின்மேற் பூசும்போது அம்மாற்றம் போதிய அளவில் நிகழ்வதில்லை. ஆகவே ஐதரோகோட்டிசோனையே நேராகக் களிம்பிற் சேர்க்க வேண்டியிருந்தது. நியூயோர்க் நகரத்துத் தோல்நோய் வைத்தியர்களான மேரியன் சல்சுபேகரும் விக்டர் விற்றனும் 1952இல் அதன் பயனை வெளியிட்டனர். அதுவரை கரப்பானுக்குத் தாரும் நாகப் பசையும் குளிர்நீர்க் கட்டுமே பெரும்பாலும் கதியாயிருந்தன. அவற்றின் மணத்தையும் கறையையும் பொறுத்துக்கொண்டும் உறக்கமின்றிக் கிடந்த நோயாளருக்கு, நிறமற்ற சிறு களிம்பொன்று ஒரே இரவில் தினவைத் தணித்தது எத்தகைய விடுதலையாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

நுண்ணுயிர்க்கொல்லியின் கதை மண்ணிலே தொடங்கியது. காசநோய்க்கு மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்ட ஆய்வுகூடத்தின் தலைவர் செல்மன் வாக்சுமன், தம் மாணவர் ஊபேட் இலெசவாலியே என்பாருடன் 1949இல் மற்றொரு மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து நியோமைசினை எடுத்தார். ஊசியாக ஏற்றினால் அது சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கும். எனவே தோலின்மேற் பூசுதற்கென அது ஒதுக்கப்பட்டது. ஐதரோகோட்டிசோன் அடுத்த சில ஆண்டுகளிற் களிம்பாக வந்தபோது நியோமைசின் அதற்கு ஆயத்தமான துணையாக இருந்தது. பின்னர் 1962இல் டென்மார்க்கின் லியோ நிறுவன ஆய்வாளர் பியூசிடிக் அமிலத்தை அறிவித்தனர். குரங்கின் எச்சத்திலிருந்து பிரித்தெடுத்த பங்கசு ஒன்றே அதற்கு மூலம். வேடிக்கை யாதெனில், பியூசிடிக் அமிலத்தின் மூலக்கூற்று வடிவம் ஸ்டீரொயிட்டை ஒத்தது; ஆனால் ஸ்டீரொயிட்டின் செயல் எதுவும் அதற்கு இல்லை. இன்று உலகின் பல நாடுகளில் விற்கப்படும் கலப்புக் களிம்புகளில் நூற்றுக்கு 2 பங்கு பியூசிடிக் அமிலமும், அதனுடன் நூற்றுக்கு 1 பங்கு ஐதரோகோட்டிசோன் அல்லது நூற்றுக்கு 0.1 பங்கு பீற்றாமெதசோனும் உள்ளன.

இவ்விரண்டையும் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் வெறும் வணிக எண்ணம் அன்று. கரப்பான் உள்ள தோல் வெடித்த சுவர் போன்றது. அதன் வெடிப்புகளில் ஸ்ரபைலோகொக்கசு ஓரியசு என்னும் பற்றீரியா எளிதிற் குடியேறுகின்றது. 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, பிறவிச்சார்புடைய கரப்பானால் வருந்துவோரில் நூற்றுக்கு 70 பேரின் புண்ணான தோலில் இப்பற்றீரியா உள்ளது. புண்ணில்லாத தோலிலுங்கூட நூற்றுக்கு 39 பேரிடம் உள்ளது. அது விடும் நஞ்சுகள் அழற்சியை வளர்க்கின்றன. அழற்சி தோலின் காப்பை மேலும் குலைக்கின்றது. குலைந்த தோலில் பற்றீரியா மேலும் பெருகுகின்றது. ஆகவே, இச்சுழலை இரு முனையிலும் ஒரே சமயத்தில் வெட்டவேண்டும் என்று வைத்தியர் கருதியது நியாயமே.

ஆனால் அதே எண்கள் மற்றோர் உண்மையையும் சொல்கின்றன. பற்றீரியா இருப்பது வேறு. அது தொற்றாகி நோய் செய்வது வேறு. பத்துப் பேரில் எழுவரிடம் எந்நாளும் இருக்கும் ஒன்றைப் பஞ்சினால் ஒற்றி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அது இருக்கின்றது என்ற விடையே பெரும்பாலும் வரும். அவ்விடையைக் கொண்டு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும் என்று முடிவு செய்தல் பொருந்தாது. மேலும், ஸ்டீரொயிட்டை மட்டும் பூசி அழற்சி தணிந்தபோது பற்றீரியாவின் தொகை தானாகவே குறைந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். சுவரைப் பூசினால் வெடிப்பிற் குடியிருந்தவை தாமே நீங்குகின்றன என்று கொள்ளலாம்.

இதனைப் பிரித்தானியாவில் நேரடியாகச் சோதித்தனர். கரப்பானில் தொற்று ஏற்பட்டதாகக் குடும்ப வைத்தியர் கருதிய 113 சிறுவர்கள், எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தாருக்கு வாய்வழி நுண்ணுயிர்க்கொல்லி. மற்றொரு கூட்டத்தாருக்குப் பியூசிடிக் அமிலக் களிம்பு. மூன்றாம் கூட்டத்தாருக்கு இவ்விரண்டின் தோற்றம் மட்டுமுள்ள போலி மருந்துகள். எல்லாருக்கும் ஸ்டீரொயிட்டுக் களிம்பும் தோலை மென்மையாக்கும் பசையும் வழங்கப்பட்டன. இரண்டு கிழமையின் பின் நோக்கியபோது, நுண்ணுயிர்க்கொல்லி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மேலாகத் தேறினர் என்று சொல்ல இடமிருக்கவில்லை. 2017இல் இம்முடிவு வெளிவந்தது. எண்ணியதிலும் குறைந்த தொகையினரே ஆய்வில் சேர்ந்தனர் என்பதையும், கடுந்தொற்று உடைய சிறுவர்கள் அதிற் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. 2019இல் கொக்கிறேன் அமைப்பினர் 41 ஆய்வுகளை, 1753 நோயாளரைப் பற்றியவற்றை, ஒன்றுசேர்த்து மதிப்பிட்டனர். ஸ்டீரொயிட்டுடன் நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்ப்பதனாற் சிறிது நன்மை இருக்கலாம். சான்றோ வலுக்குறைந்தது என்பதே அவர்கள் கண்டது. 2021இல் இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டு நிறுவகம், காய்ச்சல் முதலிய உடற்குறைபாடு இல்லாத நோயாளருக்கு நுண்ணுயிர்க்கொல்லியை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று அறிவுறுத்தியது.

அப்படியாயின் முதலிற் கூறிய தாயின் குழந்தையைத் தேற்றியது ஸ்டீரொயிட்டு ஒன்றேதானா? இருக்கலாம். ஆனால் தேன்நிறப் பொருக்கும் கசிவும் ஒரு சிறு இடத்தில் மட்டும் தோன்றியபோது, வைத்தியர் பார்த்து, சில நாட்களுக்கென வரையறுத்துக் கலப்புக் களிம்பைக் கொடுத்தல் தவறென்று எவரும் சொல்லார். கலப்புக்கு உரிய இடம் அதுவே: நோய் இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும், இடம் சிறிதாயிருக்கவேண்டும், நாள் குறைவாயிருக்கவேண்டும். இம்மூன்றினுள் ஒன்று தவறினாலும் நாயின் வாய் கட்டப்பட்டிருப்பது ஆபத்தாகிவிடும்.

முதலாவதாக, நோய் இன்னதென்று தெரியாமை. தொடையிடுக்கிலே வட்டமாகப் படர்ந்து தினவெடுக்கும் படர்தாமரையை எடுத்துக்கொள்ளலாம். அதனை உண்டாக்குவது பங்கசு. பியூசிடிக் அமிலமோ நியோமைசினோ அதனை ஒன்றும் செய்யா. ஆனால் களிம்பிலுள்ள ஸ்டீரொயிட்டு தினவைத் தணிக்கும், சிவப்பை மறைக்கும். நோயாளி குணமாகின்றது என்று மகிழ்ந்து மேலும் பூசுவான். உடலின் எதிர்ப்பு அடங்கியிருக்க, பங்கசு தடையின்றிப் பரவும். பூசுவதை நிறுத்தினால் முன்னையினும் கடுமையாகத் தினவெடுக்கும். ஆகவே மறுபடியும் பூசுவான். படர்தாமரைக்கு இயல்பான வட்ட விளிம்பும் செதிலும் மறைந்து, வைத்தியரே அடையாளங் காண முடியாத உருவம் உண்டாகும். 1968இல் ஐவ், மாக்சு என்னும் இரு வைத்தியர்கள் பிரித்தானிய மருத்துவ இதழில் இதற்கு மாறுவேடப் படர்தாமரை என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினர்.

இந்தியாவில் இது தனிமனிதரின் துன்பமாக நில்லாது நாட்டின் துன்பமாகவே வளர்ந்தது. மிகக் கடுமையான ஸ்டீரொயிட்டாகிய குளோபெற்றசோலுடன், நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றும் பங்கசுக்கொல்லி ஒன்றும் சேர்த்த களிம்புகள் மருந்துக்கடைகளிற் சீட்டின்றியே மலிவாகக் கிடைத்தன. நோய் எதுவாயினும் ஏதேனும் ஒன்று அதைத் தாக்கும் என்ற கணக்கு அது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று கற்களை எறிவது போன்றது. பங்கசுக்கொல்லி இருந்தும் ஸ்டீரொயிட்டின் வலிமை அதனை வென்றது. 2010ஆம் ஆண்டை அடுத்துப் படர்தாமரை எளிதில் அடங்காததாயும், குடும்பம் முழுவதையும் பற்றுவதாயும், மீண்டும் மீண்டும் வருவதாயும் மாறியதை அந்நாட்டுத் தோல்நோய் வைத்தியர்கள் கண்டனர். 2018இல் இந்திய அரசு ஸ்டீரொயிட்டுக் களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதவற்றின் பட்டியலிற் சேர்த்தது. 2020இல் யப்பானிய ஆய்வாளர், வழக்கமான மருந்தாகிய தேர்பினபீனுக்கு அடங்காத பங்கசு இனமொன்றுக்கு, இந்தியாவின் பெயரைச் சேர்த்துத் திரைக்கோபைற்றன் இந்தோதினியே என்று பெயரிட்டனர். இன்று அது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காணப்படுகின்றது. இதற்குக் களிம்பு ஒன்றே காரணம் என்று கூறல் மிகையாகும். ஆயினும், அதன் பங்கு சிறிதன்று என்றே அறிந்தோர் பலரும் கருதுகின்றனர்.

படர்தாமரை மட்டுமன்று. தோலினுள் உண்ணி புகுந்து உண்டாகும் சொறியும் இவ்வாறே மறைந்து நின்று வீட்டாருக்கெல்லாம் பரவும். கரப்பான் உள்ள தோலிலே உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரசு பற்றினால், ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாய்த் தோன்றி, துளைத்தாற்போன்ற புண்களாகும். நோவும் காய்ச்சலும் உண்டாகும். இது காத்திருக்கும் நோயன்று. சாதாரணப் புண்ணென்று கருதிக் களிம்பைப் பூசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் இழந்த நாள். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இன்னொரு மறைவு மிக நுட்பமானது. களிம்பிலுள்ள நியோமைசினே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். வெறும் நியோமைசினைப் பூசியிருந்தால் தோல் சிவந்து தடித்து உண்மையைக் காட்டிவிடும். ஆனால் அதே குழாயிலுள்ள ஸ்டீரொயிட்டு அச்சிவப்பை அடக்கிவிடுகின்றது. ஆகவே புண் மோசமாவதுமில்லை, ஆறுவதுமில்லை. காலிலே நாட்பட்ட புண் உள்ள முதியோரிடம் இது மாதக்கணக்காக நீடிக்கும். மருந்தே நோயாகி, அம்மருந்தே தன்னை மறைத்து நிற்கும் இவ்விந்தையை மனத்திற் கொண்டால், நாட்பட்டும் ஆறாத புண்ணுக்கு மேலும் மேலும் பூசுவது ஏன் தகாது என்பது விளங்கும். அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமைச் சங்கத்தினர் 2010இல் நியோமைசினை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தனர். மக்களுக்கும் வைத்தியருக்கும் அதனை நினைவூட்டுவதே அவர்தம் நோக்கம்.

நாட்கள் நீளுவதாற் கெடுவது நோயாளியின் தோல் மட்டுமன்று. நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறிது சிறிதாக நெடுநாட் பூசும் தோல், அம்மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை வளர்க்கும் நாற்றுமேடையாகின்றது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நோர்வே, சுவீடன் நாடுகளிற் சிறுவர்களிடையே பரவிய சிரங்கை ஆராய்ந்தபோது, பியூசிடிக் அமிலத்துக்கு அடங்காத ஸ்ரபைலோகொக்கசு வகையொன்றே அதற்குக் காரணமாகக் காணப்பட்டது. பியூசிடிக் அமிலம் தோலுக்கு மட்டும் உரிய மருந்தாயிருந்தால் இழப்புச் சிறிது எனலாம். ஆனால் எலும்பிலும் மூட்டிலும் புகுந்த தொற்றுகளுக்கு வாய்வழியாகவும் அது கொடுக்கப்படுகின்றது. ஒருவருடைய முழங்கையிற் பூசிய களிம்பு, அவர் அறியாத இன்னொருவரின் எலும்புக்குரிய மருந்தைச் செயலற்றதாக்க முடியும்.

ஸ்டீரொயிட்டின் வலிமையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. குழாயின் மேல் அச்சிட்ட நூற்றுவீதத்தைப் பார்த்து வலிமையை மதிப்பிடுவோர் பலர். நூற்றுக்கு 1 பங்கு ஐதரோகோட்டிசோன் மிக மென்மையானது. நூற்றுக்கு 0.1 பங்கு பீற்றாமெதசோன் வலேரேற்று வலியது. நூற்றுக்கு 0.05 பங்கு குளோபெற்றசோல் மிக வலியது. எண் சிறுக்கச் சிறுக்க மருந்து மென்மையாகின்றது என்று கருதி, மிக வலியதைக் குழந்தையின் கன்னத்திற் பூசிய பெற்றோரும் உண்டு. 1962இல் மக்கென்சி, இசுட்டவுற்றன் என்பார் ஓர் எளிய சோதனையை அமைத்தனர். நலமான தோலிலே மருந்தைப் பூசினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அவ்விடம் வெளிறும். எவ்வளவுக்கு வெளிறுகின்றதோ அவ்வளவுக்கு மருந்து வலியது. நூற்றுவீதத்தைக் கொண்டன்றி இத்தகைய சோதனைகளைக் கொண்டே வலிமை வரிசை அமைக்கப்படுகின்றது.

வலிய ஸ்டீரொயிட்டை நாட்பட முகத்திற் பூசினால் தோல் மெலிந்து, செந்நூல் போன்ற குழாய்கள் வெளித்தோன்றும். வாயைச் சுற்றியும் கன்னத்திலும் பருப்போன்ற கொப்புளங்கள் எழும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் வெடித்துக் கோடுகள் விழும், அக்கோடுகள் மாறுவதில்லை. கண்ணிமையருகே நெடுநாட் பூசினாற் கண்ணின் அமுக்கம் உயரலாம், கண்புரையும் உண்டாகலாம். குழந்தையின் அரைத்துணியும் ஒரு கட்டுப்போலவே மருந்தைத் தோலினுள் மிகுதியாகச் செலுத்தும் என்பது பலர் அறியாதது. வெளுப்பதற்கென்று முகத்திலே இக்களிம்பைப் பூசும் இளம்பெண்களைப் பற்றித் தனியே ஒரு பேச்சு நிகழ்த்தவேண்டும். அவ்வளவு துயரமான கதை அது. 2021இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வலிய ஸ்டீரொயிட்டை நெடுநாட் பூசித் திடீரென நிறுத்துவோரிற் சிலருக்கு எரிவும் கடுஞ்சிவப்பும் உண்டாகக்கூடும் என்று எச்சரித்தது.

இவற்றைக் கேட்போர் சிலர், இனிமேல் ஸ்டீரொயிட்டு என்ற பெயரையே நெருங்கவிடுவதில்லை என்று உறுதி பூணக்கூடும். அதுவும் பெருந்தவறு. கரப்பானால் இரவெல்லாம் சொறிந்து உறங்காது, பள்ளியிலே கண்சோர்ந்து அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு, அச்சத்தாற் களிம்பை மிளகளவு தொட்டுத் தடவுதல் மருந்தன்று. அது நோயை நீட்டிக்கும் வழி. தோல் சரியாக அடங்காமையினால் மீண்டும் கசிந்து, தொற்று என்று கருதப்பட்டு, நுண்ணுயிர்க்கொல்லி மறுபடியும் கொடுக்கப்படுகின்றது. கலப்புக் களிம்பு திரும்பத் திரும்ப வேண்டப்படும் வீடுகளை நோக்கினால், அங்கே தனி ஸ்டீரொயிட்டும் ஈரம் காக்கும் பசையும் போதிய அளவிற் பூசப்படாதிருப்பதைப் பெரும்பாலும் காணலாம்.

போதிய அளவு என்பது யாது? காடிவ் நகரத்து வைத்தியர்களான இலோங்கு, பின்லே என்போர் 1991இல் இதற்கு ஒரு கைக்கணக்கைக் கூறினர். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை குழாயிலிருந்து பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரைக் கிராம். அது வளர்ந்தவரின் இரு உள்ளங்கை அளவான பரப்புக்குப் போதும். தராசும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். ஓர் உள்ளங்கையளவு புண்ணுக்கு அதிற் பாதி. கழுவி, மெதுவாக ஒற்றி, மெல்லிய படலமாகப் பூசவேண்டும்; தேய்த்து அழுத்தவேண்டுவதில்லை. பிறகு கையைக் கழுவவேண்டும். புண் கையிலேயே இருந்தாலொழிய, இதனைப் பலர் மறந்து அதே விரலாற் கண்ணைக் கசக்குகின்றனர்.

கலப்புக் களிம்பாயின் வைத்தியர் குறித்த நாளுக்கு மேற் பூசலாகாது. பெரும்பாலும் அது ஒரு கிழமை, இரண்டு கிழமையைத் தாண்டுவதில்லை. தேறியிருந்தால் நுண்ணுயிர்க்கொல்லியின் வேலை முடிந்தது. அழற்சி எஞ்சியிருப்பின் தனி ஸ்டீரொயிட்டுக்கு மாறலாம். ஒரு கிழமையிலும் தேறவில்லையாயின் மருந்து போதவில்லை என்று எண்ணுவதற்கு முன், நோய் வேறாயிருக்குமோ என்று எண்ணவேண்டும். அப்போதே தோலைச் சுரண்டிப் பங்கசுக்குச் சோதிப்பதும், பற்றீரியா எம்மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்ப்பதும் பொருளுடையனவாகும். காய்ச்சல், புண்ணைச் சூழ்ந்த சிவப்பு மணிக்கு மணி பரவுதல், தோற்றத்துக்கு ஒவ்வாத கடுநோவு ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் குழாயை ஒருபுறம் வைத்துவிட்டு உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். அத்தகைய தொற்றை மேற்பூச்சு எட்டாது.

வைத்தியரிடம் செல்லும்போது முன்னர் பூசியவற்றின் குழாய்களையும் கையோடு கொண்டுசெல்லுதல் நன்று. வெள்ளைக் களிம்பு, நீலக் கோடு போட்ட குழாய் என்று சொன்னால் அவராற் கண்டுகொள்ள முடியாது. முதல் நாட் பூசியதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்போரும் உளர். மறைத்தால், படர்தாமரை பூண்ட மாறுவேடத்தை வைத்தியர் ஊகித்தறிய வேண்டியதாகும். எனவே குழாயைத் திறந்த நாளையும், யாருக்கு, உடலின் எவ்விடத்துக்கு என எழுதப்பட்டது என்பதையும் அதன் பெட்டியின்மேல் மையினாற் குறித்துவைக்கலாம். அயல்வீட்டு அம்மையார் கொடுத்த குழாயிலே இவற்றில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.